ஆன்டெனாக் கம்பம் பிடித்த வீராசாமி

காணும் பொங்கலன்று சாயங்காலம், தெருவே கூடி உட்கார்ந்திருக்கையில், ஷேர் ஆட்டோ ஓட்டும் வீராசாமி திடுதிப்பென்று எழுந்து ராஜகோபாலன் சார் வீட்டு மொட்டைமாடிக்கு ஏன் ஓடினான்? பம்மல் மேட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

"ஜான்சி" என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடித் திறப்பார்கள்.

அந்தக் காலத்தில் சார் வீட்டுக்கு எதிர் மாடியில் துணி காயப்போட வருவாளாம் ஜான்சி. அவளைப் பார்க்கத்தான் வீராசாமி இந்த மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றானாம். பெண்ணைப் பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். இத்தனை காலம் கழித்து, நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக அவள் வந்து "நல்லா இருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேட்டதும், மனுஷன் நெஞ்சு தாங்காமல் பழைய இடத்துக்கே ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதானாம்.

இது பம்மல் நிலவரம். வதந்தி என்பது ஷேர் ஆட்டோ மாதிரி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏறுமே தவிர ஒருத்தரும் இறங்கமாட்டார்கள். அனகாபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஜான்சியும் மாடிக்கு ஏறிவிட்டாள், இரண்டு பேரும் ஒரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குன்றத்தூர் போனபோது முருகன் சன்னதியில் மாலையே மாற்றிக்கொண்டு விட்டார்கள்.

நடந்தது என்ன என்பது வீராசாமிக்குத் தெரியும், அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமிக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியப்போகிறது. இதில் காதல் உண்டு, விஷம் உண்டு, பாயசமும் உண்டு. அவசரப்படாமல் கேளுங்கள்.

தெருவிலேயே முதல் டிவி வாங்கியவர் ராஜகோபாலன் சார். இரண்டு பக்கமும் தள்ளுகிற மரக்கதவு வைத்த பெட்டி, கறுப்பு வெள்ளைப் படம். மாடியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா. அந்த ஆன்டெனாவைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் முதல் மழைக்கே விட்டுப்போனது. சார் நல்ல மனுஷர்தான், தெருவையே கூடத்தில் உட்காரவைத்துப் படம் காட்டினார். ஆனால் புது கிளாம்ப் வாங்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அப்போது வீராசாமிக்குப் பதினாறோ பதினேழோ. ஒன்பதாவதில் படிப்பு அவனை விட்டதோ அவன் படிப்பை விட்டானோ, இருவருக்கும் நிம்மதி. தெருவிலேயே உயரமான பையன். ஒரு வெள்ளிக்கிழமை, சினிமாப் பாட்டு போடும் நேரத்தில், திரை முழுக்க ஈ மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. "வீராசாமி, ரெண்டே நிமிஷம், மேல போய் கொஞ்சம் திருப்பிட்டு வாப்பா" என்றார் சார்.

போனான். திருப்பினான்.

"வந்துச்சா?"

"வர்ல!"

"இப்போ?"

"வந்துச்சு வந்துச்சு! அப்டியே வுட்டுட்டு வாடா!"

விட்டான். படம் போய்விட்டது. பிடித்தான். வந்துவிட்டது. மறுபடி விட்டான். கீழே கூடமே ஐயோ என்றது.

"டேய், ஒன் ஒடம்புல இன்னாவோ கரன்ட் கீதுடா!" என்று கீழிருந்து கத்தினான் அவன் கூட்டாளி சேட்டு. "அப்டியே புட்ச்சிகினு நில்லு மச்சான், இந்த ஒரு பாட்டு முடியட்டும்!"

அந்த ஒரு பாட்டு முடிய நாலைந்து வருஷம் ஆனது. வெள்ளிக்கிழமைப் பாட்டு, செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமைப் படம், எல்லாவற்றுக்கும் வீராசாமி மேலே, தெரு கீழே. கூடத்துக் கதவைத் திறந்து வைத்தால் வெளிப்படிக்கட்டு வழியாகச் சத்தம் மட்டும் ஏறி வரும். ஊரெல்லாம் டிவி பார்த்தது. வீராசாமி டிவி கேட்டான்.

அதிலும் சோதனை. பம்மலுக்கு மேலேதான் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் போகும். விமானம் வந்தால் படம் நெளியும். நெளிந்தால் பழி யார் மேல்?

"டேய், ஆடாதடா!"

"நான் ஆடல சார், ப்ளேனு!"

"ப்ளேன் மேல பழி போடாதடா, நேரா நில்லு!"

ஒருநாள் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அட்டை போட்டுவிட்டார்கள். கீழே சத்தம் இல்லை. ஏதோ உருக்கமான கட்டம், கதாபாத்திரங்கள் பேச்சற்று நிற்கிறார்கள் என்று நினைத்து வீராசாமி மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றான். அட்டை போகாததால் கூட்டம் கலைந்து, அவரவர் வீட்டில் சாப்பிட்டு, பாயும் விரித்துவிட்டார்கள். தெருவாசல் பூட்டப் போன சாரின் மனைவிக்குத்தான் மேலே ஓர் ஆள் நிற்பது ஞாபகம் வந்தது.

இப்படி நின்ற காலத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தொடர் வந்தது. பெரிய வீடு, ஏகப்பட்ட சொத்து, தாயில்லாப் பெண் ஒருத்தி என்று கதை. அதில் ஒரு பெண்குரல். குரலா அது? கருப்பட்டிப் பாகு. "ஒரு வாய் சாப்பிடு கண்ணு. ஒனக்குன்னே பண்ணேன்" என்று அந்தக் குரல் சொல்லும்போதெல்லாம் மேலே வீராசாமிக்கு வயிறும் நிறையும், மனசும் நிறையும். கதாநாயகி என்றால் இவள்தான் என்று தீர்மானித்துவிட்டான். அவளுக்கு ஒரு முகமும் செய்து வைத்துக்கொண்டான்: வட்ட முகம், பெரிய பொட்டு, கன்னத்தில் குழி. அந்த முகத்துக்காகவே செவ்வாய்க்கிழமைகளில் விமானம் வந்தால்கூட ஆடாமல் நின்றான்.

அதே நாடகத்தில் இன்னொருத்தி இருந்தாள். ஜலதோஷம் பிடித்த குரல், எப்போது பார்த்தாலும் அழுகை. இதுதான் வில்லி, செய்த பாவத்துக்கு அழுகிறது, நன்றாக அழட்டும் என்று வீராசாமி விட்டுவிட்டான்.

கடைசி வாரம். கருப்பட்டிக் குரல் வீல் என்று அலறியது. பிறகு கேட்கவேயில்லை. கதாநாயகியைக் கொன்றுவிட்டார்கள்! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவனுக்கு. தெருவோ, முடிவு பிரமாதம் என்று கும்மாளம் போட்டது. கல் நெஞ்சுக்காரப் பசங்கள் என்று யாரோடும் அதைப்பற்றிப் பேசவே மறுத்துவிட்டான். அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிற்பாடு நாகல்கேணியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் இன்னும் வெளியே வரவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு குரல்: "கேசரி இன்னும் கொஞ்சம் வெக்கட்டாம்மா?"

வீராசாமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். அதே கருப்பட்டி!

"எனக்கு சம்மதம்" என்றான்.

"டேய், மூஞ்சியப் பாருடா மொதல்ல" என்று அவன் அம்மா தொடையில் கிள்ளினாள்.

அதுதான் ஜோதிலட்சுமி. கல்யாணமான முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டான்: "ஒன் கொரலு அந்த செவ்வாக்கெழம நாடகத்து ஈரோயினு கொரலு மாரியே கீது." டிவி இல்லாத வீட்டில் வளர்ந்து, அந்த நாடகத்தைப் பார்த்தேயிராத ஜோதிலட்சுமி அதைத் தாலிக்கு அடுத்தபடியாக வைத்துக் காப்பாற்றினாள். தெருமுனையில் இட்லிக் கடை போட்டபோது அந்தக் குரல்தான் முதல். "இன்னொரு இட்லி வெக்கட்டா கண்ணு?" என்று கேட்டால், போதும் என்று சொல்ல வந்தவனும் இலையை நீட்டுவான். "எங்க வூட்டுக்காரரு அந்தக் காலத்துலயே சொல்லிட்டாரு, எனக்கு டிவி ஈரோயினு கொரலாம்" என்று அவள் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. எந்த நாடகம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்போது இந்தப் பொங்கலுக்கு வருவோம்.

எதிர்வீட்டு ஜெபகுமார், ஜான்சியின் அண்ணன் பையன், துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் இட்லிக் கடையில் பேச்சுவாக்கில், "பழைய டிவி ப்ரோக்ராம் நெறைய இப்ப நெட்ல கெடைக்குது. காணும் பொங்கலுக்கு ஒரு ஈவினிங் ஃபுல்லா போடலாமா? ஆபீஸ்ல ப்ரொஜெக்டர் இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். தெருவுக்குப் பேய் பிடித்துக்கொண்டது. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று ஆளாளுக்கு ஒரு வரிசை.

"விவசாய நிகழ்ச்சிலதான் ஆரம்பிக்கணும்" என்றார் ராஜகோபாலன் சார். எண்பதைத் தாண்டியும் குரலில் மட்டும் அதிகாரம் குறையவில்லை.

"சார், அத்த அப்பவே ஒருத்தனும் பாக்கல!" என்றான் சேட்டு. இப்போது அவன் பல்லாவரம் ஸ்டாண்டில் வீராசாமிக்கு அடுத்த ஆட்டோ.

"பாக்கறதுக்கு இல்லப்பா. அது ஓடிட்டே இருக்கணும். நாம அது எப்ப முடியும்னு காத்துட்டு இருக்கணும். அப்பதான் பாட்டு வந்தா சந்தோஷமா இருக்கும்."

இதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. விவசாயம் முதலில் என்று முடிவானது.

மீன் விற்கும் கனகவல்லி அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை இந்திப் புராணத் தொடர் வேண்டும். "மொழி புரியாட்டி இன்னாடா? சாமிக்கு இன்னா மொழி? நான் கற்பூரம் கொளுத்துவேன். எல்லாரும் செருப்ப வெளிய வுடுங்க."

"அக்கா, ரோட்ல போடறோம். செருப்ப எங்க வுடறது?"

"இன்னொரு ரோட்ல வுடு."

சேட்டுக்கு மல்யுத்தம் வேண்டும். ஜெபகுமாருக்கு விளம்பரங்கள் போதும். காணாமல் போனவர்கள் அறிவிப்பு வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்து, இப்போது எல்லோரும் கிடைத்திருப்பார்கள், வேண்டாம் என்று விட்டார்கள். நடுவில் தடங்கல் அட்டை கட்டாயம். அப்போதுதான் ஒன்றுக்குப் போய்வர முடியும்.

வீராசாமி ஒன்றே ஒன்று கேட்டான். "தம்பி, அந்த செவ்வாக்கெழம நாடகம். கடசி வாரம்."

"தேடறேன் அங்கிள்."

"தேடு தம்பி. மொகத்த பாக்கணும். ஒருவாட்டி பாத்தா போதும்."

அந்த வாரம் வீராசாமி ஆட்டோ ஓட்டினானா, ஆட்டோ அவனை ஓட்டியதா என்று தெரியவில்லை. குரோம்பேட்டை போகிறவர்களைப் பம்மலில் இறக்கினான். ஜெபகுமாரைக் கண்ட இடத்திலெல்லாம் பிரேக் போட்டான். "கெட்ச்சுதா?" "இன்னும் இல்ல அங்கிள்." வீட்டில் ஜோதிலட்சுமி அதைவிட மோசம். பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு: "வந்துருங்க கண்ணு. என் கொரலு வருது!"

காணும் பொங்கலன்று மத்தியானம் ஜெபகுமார் ஓடி வந்தான். "அங்கிள்! கெடச்சிடுச்சு! யாரோ பழைய கேசட்ல இருந்து ஏத்தி வெச்சிருக்காங்க!"

வீராசாமி ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்தி இறங்கி அவனைத் தூக்கினான். பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரரையும் தூக்கியிருப்பான், கதவு எட்டவில்லை.

சாயங்காலம் சார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. விவசாய நிகழ்ச்சி ஓடியது. சார் சொன்ன மாதிரியே எல்லோரும் கொட்டாவி விட்டார்கள், ஆனந்தமாக. பாட்டு வந்ததும் விசில் கிளம்பியது. கனகவல்லி அக்கா கற்பூரம் காட்ட, வேட்டி தீப்பிடிக்காமல் சேட்டு இழுத்துப் பிடித்தான். தடங்கல் அட்டை வந்தபோதுதான் பெரிய கைதட்டல். அடுத்து நாடகம்.

முதல் வரிசையில் வீராசாமி. இந்த நாடகத்தை முதல்முறையாகக் கையில் கம்பம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கிறான்; கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், ஜோதிலட்சுமி.

ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அழகான பெண். வாயைத் திறந்தால் ஜலதோஷக் குரல். "பாவம் பொண்ணு" என்று பின்னால் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். வீராசாமிக்கு எங்கோ இடித்தது. வில்லிக்கு ஏன் உச்சுக் கொட்டுகிறார்கள்?

அடுத்த காட்சி. அடுக்களை. கத்தி மாதிரி மூக்கும், தூக்கிய புருவமும், இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு சித்தி. முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள், பாயசத்தில் கொட்டினாள், கலக்கினாள். அழுகிற பெண்ணிடம் நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

"ஒரு வாய் சாப்பிடு கண்ணு. ஒனக்குன்னே பண்ணேன்."

கருப்பட்டி.

தெருவில் ஒவ்வொரு தலையாக, வேட்டியை விட்டு ஜோதிலட்சுமி பக்கம் திரும்பியது.

"அடியே!" என்றாள் கனகவல்லி அக்கா. "அச்சு அசலா ஒன் கொரலுடி! அப்ப அந்த இட்லில இன்னாடி கலக்கற?"

சிரிப்பு அலை மாதிரி எழுந்தது. ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். திரையில் இருந்தவளுக்கும் புருவம் தூக்கியிருந்தது, இவளுக்கும் தூக்கியிருந்தது.

வீராசாமி எழுந்தான். சார் வீட்டு வெளிப்படிக்கட்டை நோக்கி நடந்தான், நடை ஓட்டமானது. படிக்கட்டு அடியில்தான் பெருங்களத்தூரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த ஜான்சி நின்றுகொண்டிருந்தாள். "இன்னா வீராசாமி, நல்லா இருக்கியா?" என்றாள் பாவம், மரியாதைக்கு. இவன் காதில் அது விழவேயில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டான். தெரு பார்த்தது இவ்வளவுதான்: ஜான்சி கேட்டாள், வீராசாமி ஓடினான். ஊருக்கு இது போதாதா?

மாடியில் அந்தக் கம்பம் துருப்பிடித்து, துணிக்கொடி கட்டிய நிலையில் இன்னும் நின்றிருந்தது. மூச்சு வாங்கியதில் கை தானாகப் போய் அதைப் பிடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே படம் நின்றுவிட்டது. பாயச டம்ளர் உதட்டருகே, திரையில் ஒரு வளையம் சுற்றுகிறது. நெட் போய்விட்டது. தெரு ஐயோ என்றது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, அநேகமாகச் சேட்டு, அத்தனை தலையும் அண்ணாந்து மாடியைப் பார்த்தன.

"வீராசாமி! கம்பத்த திருப்புடா!"

திருப்பினான்! யோசிக்கவேயில்லை. வடகிழக்கே, பட்டணத்துப் பக்கம், பழைய கோணத்துக்கு.

"வந்துச்சா?"

"வர்ல!"

"இப்போ?"

ஜெபகுமார் வேறு போனிலிருந்து நெட்டை இணைத்துக்கொண்டிருந்தான். அதை யார் கவனித்தார்கள்? படம் ஓடத் தொடங்கியது.

"வந்துச்சு! வந்துச்சு! வுடாதடா!" தெரு எழுந்து நின்று கத்தியது. சார் நாற்காலியிலிருந்தே கையை ஆட்டி, "ஆடாதடா!" என்றார். தலைக்கு மேல் ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "நான் ஆடல சார்!" என்று கத்தினான் வீராசாமி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அழுதான் என்று சொல்கிறவர்கள் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கடைசிக் காட்சி முழுக்க அவன் கம்பத்தோடு நின்றான். கீழே கருப்பட்டிக் குரல் வீல் என்று அலறியது. இந்த முறையும் அவன் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தான். முதல் வரிசை நாற்காலி காலி. பட்டுப்புடவை வீட்டுக்குள் போய், கையில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு வருகிறது. படிக்கட்டில் கொலுசுச் சத்தம். ஓடுவதற்கு மாடியில் வேறு வழி கிடையாது.

ஜோதிலட்சுமி வந்தாள். டம்ளரை நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்டு கண்ணு. ஒனக்குன்னே பண்ணேன்."

ஆவி பறக்கும் பாயசம். வீராசாமி கம்பத்தை விடவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

அவள் வெடித்துச் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. "யோவ், அந்த அழுமூஞ்சி வந்தப்ப, இத்தினி வருசமா நீ சொன்னது இவளத்தானோன்னு பயந்து பூட்டேன்யா. பாத்தியா அவள? சாவிக்கொத்து இன்னா, நட இன்னா! கடசி வரிக்கும் அவ ஒரு சொட்டு கண்ணீர் வுடல. ஈரோயினு ஈரோயினுன்னு என்னிய எறக்கி வெச்சிட்டியே இத்தினி நாளு."

"கோவம் இல்லியா?"

"கோவமா? நாளைக்கி கடைல சாவிக்கொத்தோட நிக்கறேன் பாரு."

நின்றாள். இன்றைக்கும் நிற்கிறாள். இட்லி வாங்க வருகிற பிள்ளைகள், "அக்கா, அந்த டயலாக்!" என்று கேட்பார்கள். புருவத்தைத் தூக்கிச் சொல்லிவிட்டுத்தான் சட்னி ஊற்றுவாள். வியாபாரம் இரண்டு பங்கு.

வதந்தி மட்டும் அதன் பாட்டுக்கு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் வீராசாமி பல்லாவரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது, பின்சீட்டில் ஒரு குன்றத்தூர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பம்மல்ல ஒரு ஆட்டோக்காரராம். பழைய லவ்வர பாத்துட்டு மாடிக்கு ஓடுனாராம். பேரு ஜான்சியாம். எங்க மலக் கோயில்லதான் மால மாத்திகினாங்கோ. எங்க நாத்தனாரு கண்ணால பாத்துச்சு."

வண்டி நின்றது. வீராசாமி திரும்பினான்.

"அந்த ஆட்டோக்காரன் நான்தாம்மா. ஜான்சியும் இல்ல, கீன்சியும் இல்ல. பொண்டாட்டிக்கு பயந்து ஓடுனேன். ஒங்க நாத்தனார கண்ணாடி மாத்த சொல்லு."